வாக்காளர் சரிபார்க்கும் ஏடு

தம் வாக்கு எவ்வாறு பதிவாயிற்று என்பதை வாக்காளர் ஒவ்வொருவரும் பார்த்தறியத்தக்க ஏடு, ஒரு காலத்தில் அச்சிடப்பட்டு விலைக்கே விற்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாக்கு என்பது ஊரறிய வாய்திறந்து உரைப்பது. எழுத்தர் அதைப் பதிந்துகொள்வார். அப்பதிவின் படியை, உரிய தொகை செலுத்திக் கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 1696ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சகத்தார் அவற்றை நூலாக்கினர். வாக்காளர் பெயர், ஊர், சில நூல்களில் தொழில், அவற்றின் எதிரே அவர் யாருக்கு வாக்களித்தார் என்னும் குறி. சரிபார்ப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அதனினும் நேரிய தரவுத்தளம் இன்றுவரை எழவில்லை. தம் பெயரின் எதிரே பிழை இருந்தால் வாக்காளர் தாமே கண்டுகொள்வார். கூட்டுத்தொகையை எழுத்தறிந்த எவரும் மீண்டும் கூட்டிப் பார்க்கலாம்.

அந்நூலை நிலக்கிழாரும் வாங்கினார் என்பதே அதன் கேடு. 1868ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின், நிலவுடைமையாளரின் விருப்பத்திற்கு மாறாக வாக்களித்த குத்தகை உழவர் பலர் வேல்சு நாட்டில் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தெற்கே ஆத்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தெற்கு ஆத்திரேலியாவும் 1856இலேயே மறைவாக்கு முறையைச் சட்டமாக்கியிருந்தன. பிரித்தானியா 1872இல் அவ்வழிக்கு வந்தது. அவ்வாண்டு ஆகத்து 15ஆம் நாள் பாண்டிஃபிராக்ட் என்னும் ஊரில் நடந்த இடைத்தேர்தலில் மறைவாக்கு முதன்முறை பயன்பட்டது. அதிமதுரத் தின்பண்டத்திற்குப் பெயர்போன அவ்வூரில், வாக்குப்பெட்டியின் அரக்கின்மேல் பதிக்கப்பட்டதும் அப்பண்டம் செய்யும் ஆலையின் முத்திரையே. அப்பெட்டி இன்றும் அவ்வூர்க் காட்சியகத்தில் இருக்கிறது.

அச்சம் நீங்கியது, அதற்கு ஒரு விலையும் இருந்தது. சீட்டு பெட்டியின் வாயைத் தாண்டியபின் அது எண்ணப்பட்டதா, மாற்றப்பட்டதா, காணாமற்போயிற்றா என்பதை வாக்காளர் தாமாக அறிய வழியில்லை. முகவர்களையும் காவலர்களையும் அலுவலர்களையும் நம்பவேண்டியதுதான். நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் இந்த நம்பிக்கையின் மேல்தான் தேர்தல் நடத்திவருகிறது. பெரும்பாலும் அது பொய்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் நம்புவது வேறு, சரிபார்ப்பது வேறு.

இரண்டையும் ஒருசேரப் பெற இயலுமா? தம் வாக்கு சரியாக எண்ணப்பட்டதென வாக்காளர் உறுதிகொள்ள வேண்டும். ஆனால் தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதைப் பிறருக்கு அவர் விரும்பினாலும் மெய்ப்பிக்க இயலாதிருக்க வேண்டும். “விரும்பினாலும்” என்பதே இங்கு உயிர்நாடி. மெய்ப்பிக்க இயலுமாயின் வாக்கை விற்கவும் இயலும். விற்க இயலும் வாக்கை மிரட்டிப் பறிக்கவும் இயலும். ஆகவே, தொலைபேசி எண்ணை இட்டால் “நீங்கள் இன்னாருக்கு வாக்களித்தீர்கள்” என்று காட்டும் இணையப் பக்கம், தேர்தல் சீர்திருத்தம் ஆகாது. அது பழைய நிலக்கிழாரின் நூலைப் புதுக் கருவியில் ஏற்றியதே ஆகும்.

இப்புதிருக்கு விடை மறைக்குறியியலில் இருந்து வந்தது. அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சௌம், அனுப்பியவரை அறிய இயலாதவாறு மின்மடல்களைக் கலைத்து அனுப்பும் முறையை 1981இல் வெளியிட்டபோதே, அது தேர்தலுக்கும் உதவும் என்று குறித்திருந்தார். அதன்பின் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பலர் இத்துறையை வளர்த்தனர். அவ்வளர்ச்சி தாளில் நின்றுவிடாமல், சட்ட வலிமை உடைய ஓர் அரசுத் தேர்தலை, மறைவாக்கும் குலையாமல், முதன்முதலாகத் தாங்கிய இடம் டகோமா பார்க். வாசிங்டன் நகரை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் உள்ள சிறு நகரம் அது. புதுமைக்கு அஞ்சாத ஊர். பிற்பாடு 2013இல் பதினாறு அகவையினருக்கு நகராட்சி வாக்குரிமை கொடுத்த முதல் அமெரிக்க நகரமும் அதுவே. 2009 நவம்பர் 3ஆம் நாள் அதன் ஆறு வட்டங்களைச் சேர்ந்த 1728 வாக்காளர்கள் நகரத்தலைவரையும் மன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தனர். பயன்பட்ட முறையின் பெயர் ஸ்கேன்டெக்ரிட்டி 2. சௌம், ரான் ரிவெஸ்ட், ஆலன் செர்மன், பூர்வி வோரா முதலிய பலர் கூடி வடித்தது.

வாக்காளர் கையில் கொடுக்கப்பட்டது தாள்தான். வேட்பாளர் பெயருக்கு நேரே வட்டம். அதைப் பேனாவால் நிரப்பவேண்டும். ஆனால் அவ்வட்டத்தினுள் கண்ணுக்குப் புலனாகா மையால் ஒரு குறுங்குறி முன்பே அச்சாகியிருந்தது. தனிவகைப் பேனா பட்டதும் வட்டம் கருத்து, குறி வெளிப்படும். நிரப்பாத வட்டங்களின் குறிகள் மறைந்தே கிடக்கும். விரும்பும் வாக்காளர் தம் சீட்டின் எண்ணையும் வெளிப்பட்ட குறியையும் ஒரு சிற்றட்டையில் எழுதி வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். பின்பு தேர்தல் இணையப் பக்கத்தில் அச்சீட்டெண்ணை இட்டு, அங்கே காட்டப்படும் குறி தாம் எழுதியதே தானா என்று ஒப்பிடலாம். விரும்பாதவர் வழக்கம்போல் வாக்களித்துவிட்டுப் போகலாம்.

குறிகள் சீட்டுக்குச் சீட்டு வேறுபடும். ஒரு சீட்டில் 902 என்பது முதல் வேட்பாளரைக் குறித்தால் அடுத்த சீட்டில் அதே எண் எவரையும் குறிக்கலாம், எவரையும் குறிக்காமலும் இருக்கலாம். எனவே “57ஆம் சீட்டு, 902” என்று எழுதிய அட்டையை மிரட்டுபவரிடம் காட்டினாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது. வாக்காளர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அட்டை மறுக்காது.

இனி, அவ்விணையப் பக்கத்தின் பின்னிருக்கும் தரவுத்தளத்திற்கு வருவோம். கட்டுரையின் பொருளே இதுதான் என்பதால் சற்றுப் பொறுமை வேண்டும். அ, ஆ, இ என மூன்று வேட்பாளர்கள் எனக் கொள்வோம். 57ஆம் சீட்டில் அ-வுக்கு 418, ஆ-வுக்கு 902, இ-க்கு 136. வேட்பாளர் வரிசைப்படி எல்லாச் சீட்டின் குறிகளையும் கொண்ட முதல் அட்டவணை ஒன்று உண்டு, அது கமுக்கமானது. இரண்டாம் அட்டவணையிலும் அதே குறிகளே, ஆனால் ஒவ்வொரு சீட்டின் வரிசையும் கலைக்கப்பட்டிருக்கும்: 57ஆம் சீட்டுக்கு 902, 136, 418 என்பதுபோல. மூன்றாவது, இணைப்பு அட்டவணை. அதன் ஒவ்வொரு வரியிலும் இரு சுட்டுகள்; இடச்சுட்டு இரண்டாம் அட்டவணையின் ஒரு கட்டத்தையும், வலச்சுட்டு நான்காம் அட்டவணையின் ஒரு கட்டத்தையும் காட்டும். வரிகளும் தாறுமாறாகக் கலைக்கப்பட்டவை. நான்காம் அட்டவணையில் குறிகளே இல்லை. வேட்பாளர் பெயரின் கீழ் வெற்றுக் கட்டங்கள் மட்டும்.

வாக்காளர் ஆ-வுக்கு நேரே நிரப்பினார், 902 வெளிப்பட்டது. தேர்தலுக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் 57ஆம் சீட்டின் 902 மட்டும் திறந்து காட்டப்படும். அக்கட்டத்தைச் சுட்டும் இணைப்பு வரியில் ஒரு புள்ளி வைக்கப்படும். அவ்வரி சுட்டும் நான்காம் அட்டவணைக் கட்டத்திலும் ஒரு புள்ளி விழும். அது ஆ-வின் கீழ் விழுந்தாக வேண்டும். நான்காம் அட்டவணையின் புள்ளிகளைக் கூட்டினால் முடிவு. குறிகளும் புள்ளிகளும் எல்லார்க்கும் தெரியும். எந்தப் புள்ளி எதிலிருந்து வந்தது என்னும் சுட்டுகள் மட்டும் தெரியா.

இங்கே கூர்மையான வாசகர் கேட்பார்: அட்டவணையை வைத்திருப்பவர், வாக்குகள் வந்தபின் தமக்கு வேண்டியபடி சுட்டுகளை மாற்றி எழுதிவிட்டால்? அதற்காகத்தான் தேர்தலுக்கு முன்பே இரண்டாம், மூன்றாம் அட்டவணைகள் கட்டம் கட்டமாகப் பூட்டி வெளியிடப்படுகின்றன. முத்திரையிட்ட உறைகளை ஊர்நடுவே தொங்கவிடுவது போன்றது இது: உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது, வைத்தவரும் மாற்ற இயலாது. கணினியில் இதை ஒருவழிச் சார்பு செய்கிறது. உள்ளீட்டோடு ஒரு நீண்ட தற்செயல் எண்ணைச் சேர்த்து அச்சார்பில் இட்டால் குறித்த நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணிலிருந்து உள்ளீட்டை மீட்க இயலாது. வேறோர் உள்ளீட்டைக் கொண்டு அதே எண்ணைப் பெறவும் நடைமுறையில் இயலாது. தேர்தலுக்குப் பின் ஒரு கட்டத்தைத் திறப்பதென்றால் உள்ளீட்டையும் தற்செயல் எண்ணையும் வெளியிடுவது. பார்ப்பவர் தம் கணினியிலேயே மீண்டும் கணக்கிட்டு, முன்பு வெளியானதோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

பூட்டியவை தொடக்கத்திலேயே பொய்யாக இருந்திருந்தால்? இரு தணிக்கைகள் உண்டு. தேர்தலுக்கு முன் தற்செயலாகத் தேர்ந்த சில சீட்டுகளின் எல்லாக் கட்டங்களும் திறக்கப்பட்டு, அச்சிட்ட தாளோடு ஒப்பிடப்படும். அச்சீட்டுகள் பின்பு பயன்படா. தேர்தலுக்குப் பின் இணைப்பு அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பூவா தலையா போடப்படும். பூவென்றால் இடச்சுட்டைத் திறக்கவேண்டும், தலையென்றால் வலச்சுட்டை. இரண்டையும் ஒருபோதும் திறப்பதில்லை. திறந்தால் வாக்கு வெளிப்பட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மறைவும் குலையாது, ஏமாற்றும் தப்பாது. ஒரு வரியில் பொய் செய்தவர் அகப்படாமலிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்து வரிகளில் செய்தால் 1024இல் ஒன்று. முப்பது வரிகளில் செய்துவிட்டுத் தப்புவது நூறு கோடிக்கு ஒன்றென்னும் அளவிற்கு அரிது. பூவா தலையா என்பதைத் தேர்தல் அலுவலரே முடிவுசெய்யலாகாது. பங்குச்சந்தையின் நாள்முடிவு விலைகள் போல, எவராலும் முன்னறிய இயலாததும் பின்னர் எல்லாராலும் பார்க்க இயல்வதுமான ஊற்றிலிருந்து எடுக்கவேண்டும்.

இவ்வமைப்பில் என்னைக் கவர்வது அதன் ஐயப்படும் இயல்பே. வங்கியின் தரவுத்தளமோ நில ஆவணத் தரவுத்தளமோ தன்னைக் காப்பவர் நேர்மையானவர் என்னும் அடிப்படையில் கட்டப்படுகிறது. இதுவோ காப்பவரே கள்வராக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு கட்டப்பட்டது. எண்ணிக்கை சரியா என்பதற்கு எவரையும் நம்பவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: வாக்கின் மறைவுக்கு இங்கும் சிலரை நம்பித்தான் ஆகவேண்டும். முதல் அட்டவணையை அறிந்தவர் எல்லாரின் வாக்கையும் அறிவார். அதனால்தான் அந்தக் கமுக்கம் ஒருவர் கையில் இராமல் பலரிடம் பங்கிடப்படுகிறது. குறித்த எண்ணிக்கையினர் கூடினாலொழிய அது உருப்பெறாது.

பொய் முறையீட்டுக்கும் இம்முறையில் விடை இருக்கிறது. தோற்ற கட்சியைச் சேர்ந்தவர் ஒருவர் “என் சீட்டில் வந்த குறி வேறு, இணையத்தில் காட்டும் குறி வேறு” என்று வேண்டுமென்றே கூச்சலிடலாம். புலனாகா மை அங்கே வேலை செய்கிறது. நிரப்பாத வட்டத்தின் குறியை வாக்காளர் அறியமாட்டார். ஆகவே பொய்யாக ஒரு குறியைச் சொன்னால் அது அச்சீட்டில் உள்ள வேறொரு குறியாக அமைவது அரிது. மூன்றிலக்க எண்ணாக வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு குறியை ஊகிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அச்சீட்டின் குறிகளைத் திறந்து பார்த்தால் முறையீடு மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். அடையாளம் தெரியாத மக்களின் சொல்லுக்குச் சான்றாகும் தகுதியை ஒரு மை அளித்தது என்பது சிறு செய்தியன்று.

எல்லாரும் சரிபார்க்கப் போவதில்லை. பெரும்பாலோர் வாக்களித்த கையோடு மறந்துவிடுவர். அதனால் முறை பாழா என்றால் இல்லை. நூற்றில் மூவர் மட்டும் சரிபார்க்கிறார்கள் என்றும், தற்செயலாக நூறு வாக்குகள் மாற்றப்பட்டன என்றும் கொண்டால், ஒன்றும் அகப்படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நூற்றைம்பது வாக்குகள் மாற்றப்பட்டால் அது நூற்றுக்கு ஒன்றளவாகச் சுருங்குகிறது. ஒரு சிலரின் விழிப்பு மற்றவரையும் காக்கிறது.

ஆனால் அக்கணக்கு, கள்வர் கண்ணை மூடிக்கொண்டு திருடுவார் என்று எடுத்துக்கொள்கிறது. வாக்குச்சாவடி வாயிலில் உள்ள குப்பைத்தொட்டியைக் கிளறி, எறியப்பட்ட அட்டைகளைப் பொறுக்கினால் எவரெவர் சரிபார்க்கமாட்டார் என்பது தெரிந்துபோகும்; அவர்களின் வாக்கை மட்டும் மாற்றலாம். இன்னொரு சூழ்ச்சி, ஒரே வேட்பாளருக்கு வாக்களித்த இருவருக்கு ஒரே எண்ணுள்ள சான்றைக் கொடுப்பது. இருவரும் தனித்தனியே பார்த்துத் தம் வாக்கு இருப்பதாக மகிழ்வர். உண்மையில் அங்கிருப்பது ஒரு வாக்கு, மற்றதன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டது. ஆய்வாளர்கள் இவ்விரு தாக்குதல்களையும் கண்டறிந்து வெளியிட்டனர். எனவே ஒரே எண் இருவர் சான்றில் வரவில்லை என்பது உறுதிசெய்யப்பட வேண்டும். எறிந்த அட்டை கள்வருக்குத் துப்பாகாமலிருக்க, ஒவ்வொரு சான்றிலும் அதற்கு முந்தைய பதிவுகளின் சுருக்கெண்ணையும் சேர்த்துக் கோப்பதும் ஒரு தீர்வு. அப்போது ஒருவர் தம் சான்றைப் பார்த்தாலே முன்னவர்களுடையதும் சேர்ந்து காக்கப்படுகிறது.

டகோமா பார்க் 2011லும் இம்முறையையே கையாண்டது. வேறு கிளைகளும் உண்டு. பீட்டர் ரையன் வகுத்த முறையின் வழிவந்த அமைப்பு 2014இல் விக்டோரியா மாநிலத் தேர்தலில் பயன்பட்டது. எசுத்தோனியாவில் இணையம் வழி வாக்களிப்பவர், 2013 முதல், வாக்களித்த சிறிது நேரத்திற்குள் தம் கைப்பேசியால் அதைச் சரிபார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எலெக்சன்கார்டு 2020 பிப்ரவரி 18இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபுல்டன் என்னும் சிற்றூரில் வெள்ளோட்டம் கண்டது. இக்கடைசி முறையில் அட்டவணைக்கு மாறாக எண்கணிதமே மறைப்பைச் செய்கிறது: மறைத்த வாக்குகளைப் பெருக்கினால் அவற்றின் கூட்டுத்தொகை மறைந்த வடிவிலேயே கிடைக்கும்; தனி வாக்கு எதையும் திறக்காமல் கூட்டலை மட்டும் திறக்கலாம். பென் அடிடா 2008இல் வெளியிட்ட ஹீலியோசும் இவ்வினமே. பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவரை அதைக்கொண்டு தேர்ந்தெடுத்தது.

ஹீலியோசோடு தொடர்புடைய அண்மை நிகழ்ச்சி ஒன்று, எந்தப் பாடநூலையும்விட நன்றாகக் கற்பிக்கிறது. மறைக்குறியியலாளரின் பன்னாட்டுக் கழகம் 2010 முதல் தன் தேர்தலை அதில்தான் நடத்திவருகிறது. 2025இல் முடிவைத் திறக்க மூன்று காப்பாளரின் திறவுகோல்களும் தேவை என்று வைத்திருந்தனர். மூவரில் ஒருவர் தம் திறவுகோலை மீட்கவியலாதபடி தொலைத்துவிட்டார். வாக்குகள் அனைத்தும் அப்படியே இருந்தன. எவராலும் திறக்க முடியவில்லை. தேர்தலை மீண்டும் நடத்தவேண்டியதாயிற்று. மூவரில் இருவர் போதும் என்று விதியையும் மாற்றினர். உலகின் தலைசிறந்த பூட்டுக் கலைஞர்களின் வீட்டிலேயே இது நடந்தது. தாள் சீட்டுக்கு இந்த இடர் இல்லை.

சுவிட்சர்லாந்தில் 2019இல் அஞ்சல் துறையின் இணைய வாக்கு அமைப்பின் மூலநிரல் பொது ஆய்வுக்கு வைக்கப்பட்டது. வாக்குகளைக் கலைத்தது நேர்மையாகத்தான் என்று காட்டும் கணிதச் சான்றையே போலியாகச் செய்ய இடங்கொடுக்கும் ஓட்டை ஒன்றை வெளி ஆய்வாளர்கள் அதில் கண்டுபிடித்தனர். சான்று இருக்கிறது என்று சொல்வது போதாது. சான்றைச் சரிபார்க்கும் முறையையும் பகைவர் கண்ணுக்கு முன் வைக்கவேண்டும்.

நம் நாட்டு வாக்காளர் ஒரு வினா எழுப்புவார்: வாக்குப்பொறியின் பக்கத்தில் ஏழு நொடி தோன்றும் சீட்டு இதற்கு ஈடாகாதா? 2013 அக்டோபர் 8இல் உச்சநீதிமன்றம் இன்றியமையாததென்று கூறிய ஏற்பாடு அது. ஒரு வாக்கிற்கு மூன்று கண்ணிகள் உண்டு: எண்ணியபடி இடப்பட்டதா, இட்டபடி பதிந்ததா, பதிந்தபடி எண்ணப்பட்டதா. அவ்வேழு நொடி முதற்கண்ணியைக் காட்டுகிறது. மற்ற இரண்டிற்கும், சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பொறிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடும் முறை இருக்கிறது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற வழக்கை 2024 ஏப்ரல் 26இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. சீட்டு பெட்டியில் விழுந்தபின் வாக்காளர் தாமே அதைத் தொடர வழியில்லை. தொடரும் வழியைத்தான் டகோமா பார்க் அமைத்துக் காட்டியது.

இவ்வளவும் சொன்னபின் வலிமையான மறுப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். செருமனியின் கூட்டரசு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3இல், அந்நாட்டில் பயன்பட்ட வாக்குக் கணினிகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தது. தேர்தலின் இன்றியமையாப் படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் நம்பகமாகச் சரிபார்க்க இயலவேண்டும் என்பதே காரணம். இவ்வளவுகோலை நான்கு அட்டவணைகளின் முன் வைத்தால் என்னாகும்? குறியை ஒப்பிடுவது எவருக்கும் எளிது. அவ்வொப்பீடு ஏன் சான்றாகிறது என்பதை உணர, மேலே நாம் கடந்துவந்த பாதை முழுவதும் வேண்டும். சரிபார்க்கும் உரிமை எல்லார்க்கும் கிடைக்கிறது, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் சிலரிடம் தங்கிவிடுகிறது. இக்குறையைக் கணிதத்தால் மட்டும் நீக்க இயலும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, தாளை அகற்றிவிட்டு அதன் இடத்தில் நிறுவப்படும் எந்தத் தரவுத்தளத்தையும், அதன் கணிதம் எவ்வளவு அழகாக இருப்பினும், ஏற்கலாகாது. தாளின்மேல் கூடுதல் காவலாக நிற்பது வரவேற்கத்தக்கது. கட்டியவர்களே இதை உணர்ந்திருந்தார்கள். 2009இல் டகோமா பார்க்கில் முறையின் நிரல் முழுவதும் வெளியிடப்பட்டது, மூன்று தனித் தணிக்கையர்கள் அமர்த்தப்பட்டனர், அதற்குமேலும் வாக்குச்சீட்டுகள் முழுமையாகக் கையால் மீண்டும் எண்ணப்பட்டன.